முகமறியார் உறவு: விபத்துக் கதைகளில் ஊழும் காரணமும்

முன்பின் அறியாத சில மனிதர்கள், ஒரு விபத்து, அதன்பின் அவர்களுடைய வாழ்க்கைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. மேலை நாட்டுப் புதினங்களிலும் திரைப்படங்களிலும் ஏறத்தாழ நூறாண்டுகளாக இக்கதைக்கட்டு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. தமிழ்த் திரையும் அதனை ஏற்றுக்கொண்டுள்ளது. பட்டாசு ஆலைகளுக்கு நடுவே அமர்ந்து படிக்கும் நம் மாவட்டத்து மாணவர் இதனை எவ்வாறு படிக்க வேண்டும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோட்பாடுகளை அடுக்கிக் காட்டுவது என் எண்ணமன்று. சில படைப்புகளை எடுத்துக்கொண்டு அவற்றிடம் ஒரே ஒரு வினாவைக் கேட்க விரும்புகிறேன். விபத்து எதனால் நேர்ந்தது? மிக எளிய வினாதான். ஆயினும் இவ்வகைக் கதைகளுள் பல இவ்வினாவைக் கேட்பதே இல்லை.

அறுந்த பாலம்

தார்ன்டன் வைல்டர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1927ஆம் ஆண்டில் ‘சான் லூயி ரேயின் பாலம்’ என்ற சிறு புதினத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கதை நிகழும் இடம் தென்னமெரிக்காவின் பெரு நாடு, காலம் 1714. பழங்குடி மக்கள் நாரால் முறுக்கிக் கட்டிய ஒரு தொங்குபாலம் நடுப்பகலில் அறுந்து விழுகிறது. அப்போது அதன்மேல் நடந்துகொண்டிருந்த ஐவர் பள்ளத்தில் வீழ்ந்து மாள்கின்றனர். அதனைக் கண்ணெதிரே கண்ட ஜூனிப்பர் என்னும் துறவி, ‘ஏன் இந்த ஐவர்?’ என்று கேட்கிறார். இறைவனின் திட்டம் ஒன்று இதில் இருந்தாக வேண்டும் என்பது அவருடைய உறுதி. ஆகவே அந்த ஐவரின் வாழ்க்கையையும் பல ஆண்டுகள் அலைந்து திரட்டிப் பெரிய நூலாக எழுதுகிறார். இறுதியில் திருச்சபை அவரையும் அவருடைய நூலையும் தீயிலிட்டுவிடுகிறது.

அருமையான புதினம், ஐயமில்லை. இன்றும் உலகில் எங்கேனும் பெரிய விபத்து நேர்ந்தால் ஆங்கில இதழ்கள் இந்நூலை நினைவுகூர்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூனிப்பர் ஐவரின் உள்ளங்களைத் துருவித் துருவி ஆராய்ந்தார். அறுந்த நாரை அவர் ஆராயவில்லை. அந்தப் பாலத்தைக் கடைசியாகப் பழுது பார்த்தவர் யார், எந்த ஆண்டில், எவர் செலவில் என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஐவர் இறந்தார்கள் என்பது அவருக்குப் புதிர். பாலம் அறுந்தது என்பது புதிரன்று. அது வெறும் நிகழ்ச்சி.

ஒழுகிய குழாய்

ஐரோப்பியத் திரையில் இவ்வகைக் கதையை மிக நுட்பமாக ஆண்டவர் போலந்து நாட்டு இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி. 1996இல் மறைந்தார். பிரான்சு நாட்டுக் கொடியின் மூன்று வண்ணங்களையும் தலைப்பாகக் கொண்டு ‘நீலம்’, ‘வெள்ளை’, ‘சிவப்பு’ என்று 1993, 1994ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த மூன்று படங்களும் இன்று உலகெங்கும் பாடமாக உள்ளன. மூன்றும் தனித்தனிக் கதைகள். ‘சிவப்பு’ படத்தின் இறுதியில் இங்கிலாந்துக் கால்வாயில் ஒரு பயணிகள் கப்பல் புயலில் மூழ்குகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளில் பிழைத்தோர் எழுவரே. அந்த எழுவருள் அறுவர் மூன்று படங்களின் நாயக நாயகியர்! ஒருவரையொருவர் அறியாதவர்களை ஒரே தொலைக்காட்சிச் செய்தியில் வரிசையாக நிறுத்திக் காட்டுகிறார் இயக்குநர். இறந்துபட்ட ஆயிரம் பேருக்கு முகமில்லை. முதன்முறை பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மறுமுறை பார்த்தபோது அந்த ஆயிரம் பேர்தான் நினைவில் நின்றனர்.

‘நீலம்’ இதனினும் ஆழமானது. படத்தின் தொடக்கத்தில் ஒரு கார் நெடுஞ்சாலையில் விரைகிறது. உள்ளே புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர், மனைவி ஜூலி, சிறுமியாகிய மகள். சிறுமி கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி ஒரு நீல மிட்டாய்க் காகிதத்தைக் காற்றில் படபடக்க விடுகிறாள். வழியில் சிறுமியின் பொருட்டு வண்டி சற்று நிற்கிறது. அப்போது காமிரா வண்டியின் அடியில் போய்க் கிடக்கிறது. பிரேக் குழாயிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதை நாம் பார்க்கிறோம். வண்டியிலிருப்போர் பார்க்கவில்லை. பிறகு பனிமூட்டம், சாலையோரத்தில் ஓர் இளைஞன், மரத்தில் மோதும் ஓசை. கணவரும் குழந்தையும் இறந்துவிட, ஜூலி மட்டும் பிழைக்கிறாள். சாலையோரத்து இளைஞன் பின்னர் அவளைத் தேடி வந்து, விபத்து நடந்த இடத்தில் தான் எடுத்த சிலுவைச் சங்கிலியைத் திருப்பித் தர முயல்கிறான். அவள் அதனை அவனுக்கே கொடுத்துவிடுகிறாள். விபத்தால் இணைந்த இரு அந்நியர்களுக்கிடையே இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு கண்ணியமான காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எஞ்சிய படம் முழுதும் ஜூலியின் துயரத்தைப் பற்றியது. நினைவுகளை அறுத்தெறிய அவள் மாளிகையை விற்க ஏற்பாடு செய்கிறாள். பணியாளர்களுக்கும் முதியோர் இல்லத்திலுள்ள தாய்க்கும் வேண்டிய பொருளுக்கு வழிசெய்துவிட்டுப் பாரிசில் ஒரு குடியிருப்பில் தனியே வாழ முயல்கிறாள். நீல ஒளி வந்து வந்து போகிறது. இசை நடுவே அறுகிறது. இவற்றையெல்லாம் பாராட்டாதார் யார்?

ஆனால் அந்தச் சொட்டிய எண்ணெய்? படம் அதனிடம் திரும்பி வரவே இல்லை. எவரும் அக்குழாயைப் பற்றிப் பேசுவதில்லை. இயக்குநர் அதனைக் காட்டினார், விட்டுவிட்டார்.

இப்படத்தை நம் மாணவர்களுக்குத் திரையிட்டபின், மனத்தில் நின்ற காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டேன். நீலக் கண்ணாடி மணிகளைப் பற்றியும் நீச்சல் குளத்தைப் பற்றியும் எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன். விமரிசகர்கள் எழுதுவது அவற்றைப் பற்றித்தான். நாற்பது தாள்களில் பாதிக்கு மேல் அந்தச் சொட்டும் எண்ணெயைப் பற்றி இருந்தன. தாய் பதினைந்து ஆண்டுகளாகப் பட்டாசு ஆலையில் திரி முடியும் வேலை செய்யும் ஒரு மாணவி, “ஒழுகுவதை ஒருவர் பார்த்திருக்கிறார். அவர் ஏன் சொல்லவில்லை?” என்று எழுதியிருந்தாள். பார்த்தவர் காமிராதான் என்று திருத்தி எழுதச் சிவப்பு மையை எடுத்தேன், எழுதவில்லை. அவ்வினா சரியான வினாவே.

ஐரோப்பாவுக்கும் நீதி செய்ய வேண்டும். அங்கே கதைகள் கேட்காத வினாவை மன்றங்கள் கேட்டிருக்கின்றன. 1987 மார்ச்சு 6ஆம் நாள் பெல்ஜியத்தின் சீப்ரூகெத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ஒரு பயணிகள் கப்பல் சில நிமிடங்களிலேயே கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். கப்பலின் முன்கதவு மூடப்படாமலே புறப்பட்டதுதான் காரணம். கதவை மூட வேண்டிய பணியாளர் உறங்கிவிட்டார். அவர் ஒருவர்மீது பழியைப் போட்டுக் கதையை முடித்திருக்கலாம். நீதிபதி ஷீன் நடத்திய விசாரணை அவ்வாறு முடிக்கவில்லை. கதவு மூடியாயிற்றா என்று கப்பல் தலைவருக்குத் தெரிவிக்கும் விளக்கு ஏன் இல்லை, அதனைக் கேட்டவர்களுக்கு நிறுவனம் என்ன பதில் சொன்னது என்று மேல்மேலும் கேட்டு, நிருவாகத்தின் உச்சி வரை குற்றம் உள்ளது என்று முடிவு கூறியது. ‘சிவப்பு’ படம் இதற்கு ஏழாண்டுகளுக்குப் பின் வந்தது. அதே கடற்பகுதி. படத்தில் கப்பலை மூழ்கடித்ததோ புயல்!

ஊழ் என்னும் சொல்

‘இதெல்லாம் மேலை நாட்டுச் சரக்கு; நம்மிடம் ஊழ் என்னும் கொள்கை உண்டே’ என்று சிலர் கூறலாம். உண்டு. சிலப்பதிகாரத்தில் ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது நூலின் மூன்று உண்மைகளுள் ஒன்று. ஆயினும் இளங்கோவடிகள் ஊழைச் சொல்லிவிட்டுக் கைகட்டி நின்றாரா? மதுரைத் தெருவில் கோவலனும் பொற்கொல்லனும் சந்திப்பது முகமறியார் இருவரின் தற்செயல் சந்திப்பே. ஆனால் அடிகள் அதன் காரணத்தை ஒவ்வொரு கண்ணியாகக் காட்டுகிறார். அரசியின் சிலம்பைத் திருடியவன் அப்பொற்கொல்லன்; பழியைச் சுமத்த ஓர் அயலான் அவனுக்குத் தேவைப்பட்டான்; மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான். கண்ணகி அரசவையில் நின்று ஊழை நோவவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்டினாள். அதாவது சான்றைக் காட்டினாள். தமிழின் முதற்காப்பியத்தில் ஊழும் உண்டு, விசாரணையும் உண்டு.

இன்னொன்றையும் கூறவேண்டும். மதுரையை எரிக்கும்போது கண்ணகி தீக்கடவுளுக்கு வரம்பு விதிக்கிறாள்; முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விட்டுவிடச் சொல்கிறாள். நம் பகுதித் தீக்கு அவ்வாறு வரம்பிட்டவர் எவருமில்லை. 1991இல் மீனம்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் இறந்தோருள் சிறுவர் பலர்.

பேருந்துகள் இரண்டு

தமிழ்த் திரையில் இக்கதைக்கட்டின் சிறந்த சான்று 2011 செப்டம்பரில் வெளிவந்த ‘எங்கேயும் எப்போதும்’. ஏ. ஆர். முருகதாஸ் கூட்டாகத் தயாரிக்க, எம். சரவணன் இயக்கினார். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு பேருந்து. திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு பேருந்து. இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. விபத்தை முதலிலேயே காட்டிவிட்டுப் பின்னோக்கிச் சென்று கதையைத் தொடங்குகிறார் இயக்குநர். இது துணிச்சலான உத்தி. கதிரேசனும் மணிமேகலையும் காதலித்துக்கொண்டிருக்கும்போதும், அமுதா சென்னையில் வழி தெரியாமல் கௌதமுடன் அலைந்துகொண்டிருக்கும்போதும் நாம் சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே அஞ்சுகிறோம்.

இவர்களைத் தவிரப் பேருந்தில் வேறு பலர் உள்ளனர். இதுவரை நேரில் காணாத மகளைக் காண வெளிநாட்டிலிருந்து திரும்பும் தந்தை, புதுமணத் தம்பதியர், வழியிலேயே ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கும் இளையோர். கீஸ்லோவ்ஸ்கி ஆயிரம் பேரை முகமின்றி விட்டார். சரவணன் இருக்கைக்கு இருக்கை முகம் தந்தார். இவ்வகையில் தமிழ்ப் படம் ஐரோப்பியப் படத்தினும் ஒருபடி உயர்ந்தது என்பது என் துணிபு. பேருந்தின் வேகத்தையும் அது காட்டுகிறது. ஆகவே காரணத்தை அறவே மறந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓட்டுநர் அவ்வளவு விரைந்து ஓட்டியது எவர் வகுத்த நேரத்துக்காக, முந்திய இரவு அவர் எத்தனை மணி நேரம் உறங்கினார் என்னும் வினாக்களுக்குள் படம் நுழையவில்லை. கதிரேசனின் சாவில் நம் கண்கள் நனைகின்றன. அந்த ஈரத்திலேயே வினா கரைந்துவிடுகிறது.

முதலிப்பட்டி

அப்படம் வெளிவந்து ஓராண்டு நிறைவதற்குள் நம் மாவட்டம் அதனினும் பெரிய நாடகத்தைக் கண்டது. எழுதியவர் இல்லை.

2012 செப்டம்பர் 5ஆம் நாள். தீபாவளிக்கு இன்னும் பத்து வாரங்கள் இருந்தன. ஆலைகள் மூச்சுவிடாமல் ஓடும் காலம். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பேன்சி ரகப் பட்டாசுகள் செய்யும் ஆலையொன்றில் நண்பகல் வேளையில் வெடிவிபத்து நேர்ந்தது. இறந்தோர் ஏறத்தாழ 40 பேர். காயமுற்றோர் பலர் சிவகாசியிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

இறந்தவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் இந்நிகழ்ச்சியின் தனித்தன்மை விளங்கும். முதல் வெடிப்பில் தொழிலாளர் பலர் தப்பி வெளியே ஓடிவிட்டனர். ஓசை கேட்டும் புகை கண்டும் சுற்றுவட்டாரத்து மக்கள் ஆலையை நோக்கி ஓடிவந்தனர். அப்போதுதான் மருந்தும் சரக்கும் குவிந்திருந்த அறைகள் வெடித்தன. இறந்தோருள் பெரும்பகுதியினர் அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் அல்லர், வெளியிலிருந்து ஓடிவந்தவர்கள். தமக்கு உறவில்லாத ஆலையில், பலர் பெயரும் அறியாத மனிதர்களுக்காக வந்தவர்கள்.

‘வேடிக்கை பார்க்கப் போனவர்கள்’ என்று அப்போது சிலர் பேசினர். அச்சொல்லை அச்சிலும் பார்த்தேன். இச்சொல் எனக்கு உடன்பாடன்று. இப்பகுதி ஊர்களில் வெடிச்சத்தம் கேட்டால் மக்கள் ஓசைக்கு எதிர்த்திசையில் ஓடுவதில்லை. ஓசையை நோக்கியே ஓடுகிறார்கள். வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஓர் ஆலைக்குப் போயிருக்கிறார். இன்று எந்த ஆலைக்கு வேன் அழைத்துச் சென்றது என்பது வீட்டிலிருப்போருக்குப் பல நாள்களில் தெரியாது. ஆகவே ஒவ்வொரு புகையும் தன் வீட்டுப் புகையாக இருக்கலாம். இது வேடிக்கையா?

மேலைக் கதையில் விபத்து முதலில் வருகிறது. உறவு பின்னால் வருகிறது. முதலிப்பட்டியில் உறவு முன்பே இருந்தது. அதனால்தான் அவர்கள் ஓடினார்கள், ஓடியதனால்தான் இறந்தார்கள்.

இனி நம் பழைய வினாவைக் கேட்போம். எதனால் நேர்ந்தது? நம் பகுதியில் விபத்து நேரும்போதெல்லாம் மறுநாள் நாளேட்டில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறும்: உராய்வு. ‘மருந்து உராய்வினால் வெடி விபத்து.’ பொய்யன்று. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றின் கலவை உராய்வைத் தாங்காது, வெப்பத்தைத் தாங்காது, ஈரம் பட்ட அலுமினியம் தானே சூடேறும். முதல் நாள் மிஞ்சிய கலவையை மறுநாள் காலையில் தொடும்போது நேர்ந்த விபத்துகள் பல. ஆயினும் உராய்வு என்பது காரணத்தின் கடைசிக் கண்ணி மட்டுமே. அது ஜூலியின் கார் மோதிய மரம் போன்றது. ஒழுகிய குழாய் வேறிடத்தில் இருக்கிறது.

சட்டம் இதனை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம். இத்தனை அளவு மருந்துதான் வைக்கலாம். அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி வேண்டும். மரத்தடியில் வேலை கூடாது என்று விதிகள் உள்ளன. இவ்விதிகளின் உட்பொருள் எளிது. ஓர் அறை வெடித்தாலும் அந்த அறையோடு நிற்கவேண்டும். கலவை என்றேனும் வெடிக்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அது பிறரைத் தொடாதபடி இடைவெளி விட்டு வைத்த விதிகள் அவை. எனவே ஒருவர் இறந்தால் அது உராய்வு எனலாம். நாற்பது பேர் இறந்தால் அது உராய்வன்று. அளவுக்கு மீறிய மருந்தும் சரக்கும் ஆளும் ஓரிடத்தில் இருந்ததன் கணக்கு அது. முதலிப்பட்டி ஆலையின் உரிமம் விதிமீறல்களுக்காக விபத்துக்கு முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போதே செய்திகள் வெளிவந்தன. ஒழுகுவதைப் பார்த்தவர் இருந்தார், எழுதியும் வைத்தார்.

நம் நாளேடுகளின் உராய்வு, பழங்கதைகளின் ஊழ் செய்த வேலையைச் செய்கிறது என்றே தோன்றுகிறது. சொன்னவுடன் கேள்வி முடிந்துவிடும். இளங்கோவடிகளாவது ஊழோடு நிறுத்தாமல் பொற்கொல்லனையும் காட்டினார்.

அந்நியர் ஆக்கப்படும் முறை

2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஓய்வு பெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தது. அவ்விபத்தில் வெளிப்பட்ட செய்தி நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. ஆலை குத்தகைக்குப் போயிற்று. குத்தகைதாரரிடமிருந்து உள்குத்தகைக்குப் பலரிடம் பிரிந்தது. அறைகளை எடுத்தவர் தம் தம் ஆள்களைக் கொண்டு தம் தம் சரக்கைச் செய்வர். கூலி உருப்படிக் கணக்கில். எவ்வளவு விரைவோ அவ்வளவு கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் விரைவு இன்னும் கூடும்.

இவ்வேற்பாட்டில் உரிமம் உடையவருக்கும் மருந்தைத் தொடுபவருக்கும் முகப்பழக்கம் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர் எந்தக் குத்தகைக்காரரின் ஆள், என்ன மருந்து கலக்கிறார் என்று இவ்வறையிலிருப்பவருக்குத் தெரியாது. பத்தடி தொலைவில் உள்ளவர்கள் அந்நியர்கள்! உரிமம் வழங்கும் அலுவலகமோ நாக்பூரில். ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்பது சிவகாசியில் பேருந்து நடத்துநர்கூட அறிந்த சொல்; ஆனால் ஆலைக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஊர் எத்திசை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்னரே சரக்குக் கேட்டு எழுதும் வடநாட்டு வணிகரோ, தில்லியில் கம்பி மத்தாப்பைச் சுழற்றும் சிறுவனோ இவளை அறியார். இவள் அவர்களை அறியாள்.

கீஸ்லோவ்ஸ்கியின் பாரிசில் மனிதர்கள் அந்நியர்களாக இருப்பது நகர வாழ்க்கையின் இயல்பு. அடுத்த கதவில் இருப்பவரை அறியாமலே வாழ்நாளைக் கழித்துவிடலாம். விபத்து வந்து அவர்களை இணைக்கிறது. நம் பகுதியில் அவ்வாறன்று. இங்கே மனிதர்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்டவர்கள். ஒரே வேன், ஒரே மருந்து, ஒரே பண்டிகை, ஒரே கொள்முதல். இணைந்தவர்களை அந்நியர்களாக வைத்திருக்கவே குத்தகையும் உள்குத்தகையும் பயன்படுகின்றன. எவரும் எவருக்கும் பொறுப்பாளி அல்லர் என்று ஆக்குவதற்கு. விபத்து வந்தபின்தான் இன்னார்க்கு இன்னார் என்ன உறவு என்று காவல் துறையினர் தேடத் தொடங்குகின்றனர். ஆகவே மேலைக் கதைக்கட்டினை அப்படியே எடுத்து நம் மண்ணில் நட்டால் அது உண்மையைத் தலைகீழாகக் காட்டும். இதுவே இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி.

தேடல் மேலே செல்வதும் உண்டு. 1991இல் சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்தைப் பற்றிய செய்தியைக் கண்டு உச்ச நீதிமன்றம் தானே வழக்கை எடுத்துக்கொண்டது. வழக்கறிஞர் மூவர் கொண்ட குழு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை தந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கோடு சேர்ந்து அது 1996 டிசம்பர் 10இல் தீர்ப்பாயிற்று. தீங்கான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. தில்லியில் அமர்ந்திருந்த அந்நியர்கள் செய்த உறவு அது. நாடகமாக்குவதற்கு உரிய பொருள். இதுவரை எவரும் தொடாதது வியப்பே.

அழுகையின் நிலைக்களன்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றும் இடங்கள் நான்கு என்கிறார். இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. நான்காவதை ஈண்டு ஊன்றி நோக்கவேண்டும். ஜூலியின் அழுகை இழப்பிலிருந்து பிறப்பது. வறுமை அதில் துளியும் கலக்கவில்லை. அவளால் மாளிகையை விட்டுப் போக முடியும். எதுவும் செய்யாமல் ஓர் ஆண்டு இருக்க முடியும். துயரத்திலேயே முழுநேரமும் இருப்பதற்குக்கூடப் பொருள் வேண்டும். நம் பகுதியில் கணவனை ஆலைத்தீயில் இழந்த பெண் முப்பது கழிந்ததும் பெரும்பாலும் மீண்டும் ஆலைக்கே போகிறாள். அதே வேன், அதே மருந்தின் வாசம். அவளுடைய கை அதே திரியை முடிகிறது. இழப்பும் வறுமையும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அந்த அழுகையை நீல ஒளியில் காட்ட இயலாது. இதனை எழுதும் நாடகாசிரியனுக்குத் தொல்காப்பியரே துணை, கீஸ்லோவ்ஸ்கி போதமாட்டார்.

இவற்றையெல்லாம் வகுப்பில் பேசியபின், மாணவ மாணவியர் சிலர் சேர்ந்து ஓரங்க நாடகம் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் வரைவில், திரை உயர்ந்ததும் வெடிச்சத்தம் கேட்பதாக எழுதியிருந்தார்கள். படங்களின் பழக்கம்! அதனை எடுத்துவிடுமாறு கூறினேன். நாடகம் முழுதும் வெடி வேண்டியதில்லை என்பதும் என் கருத்து. பார்க்க வருவோர் இப்பகுதி மக்கள், அவர்களுக்கு ஓசையைக் கேட்பித்துக் காட்டவேண்டிய தேவையில்லை. பலமுறை திருத்தியபின் இப்போது முதற்காட்சி இவ்வாறு உள்ளது. காலை ஏழு மணி. ஊர்ச் சாவடி முன் ஆலை வேன் நிற்கிறது. பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்குவாளியுடன் ஏறுகிறார்கள். அறைக்கு நால்வர் என்ற கணக்கில் பதிவேட்டில் பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்க்கிறார், வேனைப் பார்க்கிறார். ஏறியவர்கள் பதினொருவர். புதிதாக வந்த ஒரு பெண், “அண்ணே, என் பேரை எழுதலையே?” என்று கேட்கிறாள். அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “உள்ளே போம்மா, நேரமாச்சு” என்கிறார்.

அதற்கு அவள் என்ன சொல்லவேண்டும் என்பதில் எழுதுவோரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது. ஒருவர் அவளை இறங்கவைக்க விரும்புகிறார். மற்றவர்கள், அன்றைய கூலியை விட்டு எவள் இறங்குவாள் என்று கேட்கிறார்கள்.